எழுதாமல் வைத்த சீதன உறுதி

எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவிக் கரையோரம் ஒரு மாடிக் கட்டடத்தில் எனக்கொரு வீடு இருந்தது. கீழே மூன்று வீடுகள், மேலே மூன்று வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கொங்கிறீற்றுத் தட்டு. மாடியில் உள்ள வீட்டுக்கும் தனியாக உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், முடிக்கலாம் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அந்தச் சட்டத்தின்படி விற்கப்பட்ட வேறு கட்டடம் எதையும் எங்கள் பக்கத்தில் நான் அறியேன். காணி, அதைக் கட்டிய கொந்தராத்துக்காரருடையது. அவரே வரைபடத்தைக் காட்டி ஆறு பேருக்கு விற்று, அவரே கட்டி, அவரே பூட்டுத் திறப்பைக் கையில் தந்தார். வாங்கிய எவரும் அதற்குமுன் தலைக்குமேல் இன்னொருவர் நடக்கும் வீட்டில் இருந்ததில்லை. மேல்வீட்டில் தேங்காய் உடைத்தால் கீழ்வீட்டில் ஆள் எழும்பி வெளியே வந்து பார்த்த காலம் அது.

மேல்மாடி நடுவீடு மிஸியுடையது. எங்கள் ஊரில் தாதிமாரை மிஸி என்று கூப்பிடுவார்கள். இவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைப் பகுதியில் இருந்தார். மெதடிஸ்த சபைக்காரர். கணவர் காலமாகி நெடுங்காலம். ஒரே மகள், பாடசாலை ஆசிரியை. மிஸியின் குரல் உயராது. சொன்னதை இரண்டாந்தரம் சொல்லவும் மாட்டார். நான் அப்போது பத்திரிகை நிருபர். மந்திரிகளும் மறியல்காரரும் பேசக் கேட்டிருக்கிறேன். எந்த இடத்திலும் ஒரே அளவில் பேசிய ஆட்கள் மிகச் சிலர். மிஸி அவர்களில் ஒருவர்.

முதல் மாரியிலேயே தட்டு ஒழுகியது. மேலிருந்த மூன்று வீட்டிலும் வாளி, கிடாரம், கோப்பை எல்லாம் தரைக்கு வந்தன. மிஸியின் முன்னறையில்தான் மோசம். மழை விட்ட ஒரு காலையில் நான் மேலே போனபோது அவர் மேசைமேல் கதிரை வைத்து, கதிரைமேல் ஏறி நின்று, மேல்தட்டில் ஊறியிருந்த கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸி, படம் கீறுறீங்களா?"

"காலில சீழ் பிடிச்சா, சிவப்பு எதுவரைக்கும் வந்திரிக்கு எண்டு பேனையால கீறி விடுவம். மறுகா வந்து பாத்தா கூடினதா குறைஞ்சதா எண்டு தெரியும். நோயாளியைக் கேட்டா, குறைஞ்சிட்டுது எண்டுதான் சொல்லுவார். ஊசிக்குப் பயம்."

அடுத்த மழையில் கறை அந்தக் கோட்டைத் தாண்டிப் போனது. அவர் அடுத்த கோட்டைப் போட்டார். மாரி முடியும்போது ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பல கோடுகள் இருந்தன. நடுவில் பூச்சு கழன்று, உள்ளே கம்பி துருவேறிக் கிடந்தது தெரிந்தது.

கீழ்வீட்டுக்காரருக்கு இது மேல்வீட்டுச் சங்கதி. நானும் கீழ்வீட்டுக்காரன்தான், வாய் திறந்து சொல்லவில்லையே தவிர நினைப்பு அதுதான். வாய் திறந்து சொன்னவர் காக்கா. காத்தான்குடியில் நெசவு சாறன் வாங்கிப் பட்டணத்தில் கடை போட்டிருந்தவர். மிஸியின் வீட்டுக்கு நேர் கீழே இருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; வயதில் மூத்தவர்களும் இவரை அப்படியே கூப்பிட்டார்கள்.

"மழை மேல இரிக்கிற ஆக்களுக்கு. எனக்குத் தண்ணி வந்தா வாவியால வரும். நான் வாவியோட கதைச்சிக்கிறன்" என்றார் காக்கா.

மிஸி வாதாடவில்லை. ஆறு வீட்டுக்காரரையும் ஒரு சனிக்கிழமை பிறக்கிராசியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். வழக்குப் பேசுபவரை அப்போது எங்கள் ஊரில் பிறக்கிராசியார் என்போம். இவர் உறுதி முடிக்கும் நொத்தாரிசாகவும் இருந்தார். தடித்த மனிதர், மூக்குப்பொடி போடுகிறவர், தும்மி முடித்துத்தான் சட்டம் சொல்லுவார். எங்கள் உறுதிகளை வாசித்து, தும்மி, மிஸியைப் பார்த்தார்.

"மிஸி, உங்கட வீடு எது எண்டு இதில இரிக்கு. சுத்துச் சுவரும், அதுக்குள்ள இரிக்கிற காத்தும். சுவருக்கு மேல கிடக்கிற தட்டு உங்கடயில்ல. அது ஆறு பேருக்கும் பொது."

"அப்ப ஒழுகிற தண்ணி மட்டும் என்டயா?"

"அதுதான் சட்டம். தண்ணிக்காக நீங்க தனியப் போய்க் கேட்டா, தட்டைப் பத்திப் பேச நீ ஆர் எண்டு கேப்பாங்க. ஆறு பேரும் சேந்து நிக்க வேணும். ஒராள் குறைஞ்சாலும் வழக்கு நொண்டி."

காக்கா கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப நான் வாறன். எனக்கு ஒழுகல்ல."

"இருங்க காக்கா" என்றார் பிறக்கிராசியார். "உங்கட கடைக்கு வந்த சாறன் மேல்பாதி கிழிஞ்சு வந்தா, கீழ்ப்பாதி நல்லாத்தானே இரிக்கு எண்டு வாங்கி வைப்பீங்களா?"

"என்னத்துக்கு வைக்க? மூஞ்சையில எறிவன்."

"கொந்தராத்துக்காரர் உங்களுக்கு வித்ததும் ஒரு சாறன்தான். கம்பி துருப்பிடிச்சுத் தட்டு விழுந்தா அது மிஸிட வீட்டோட நிக்காது. மிஸியும் கட்டிலும் உங்கட தலையிலதான் வந்து இறங்குவாங்க."

காக்கா இருந்துவிட்டார். மற்றவர்களும் ஒப்புக்கொண்டோம். பிறக்கிராசியார் சொன்ன மீதியை நான் இங்கே சுருக்கித் தருகிறேன். கட்டியவருக்குப் பழுதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் வந்து பார்க்கவும் திருத்தவும் முதலில் இடம் கொடுக்க வேண்டும். இடம் கொடாமல் கோட்டுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு, போனால் அதுவே அவருக்குச் சாட்டாகிவிடும். அவர் திருத்தாவிட்டால் வழக்கு. கோடு அனுப்பும் ஆள் வந்து பார்க்கும்வரை பழுதில் எவரும் கை வைக்கக்கூடாது: பூசக்கூடாது, அடைக்கக்கூடாது, வெள்ளையடிக்கக்கூடாது. இதெல்லாம் சட்டம் குறித்த காலத்துக்குள் நடக்க வேண்டும். காலம் போனால் கேட்கும் உரிமையும் போய்விடும்.

கொந்தராத்துக்காரர் அறிவித்தலுக்கு மறுமொழி எழுதாமல் நேரில் வந்தார். கூட ஒரு பீப்பாய் தார் வந்தது. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. மேல்வீட்டுக்காரர் மூவரை மட்டும் கூப்பிட்டு, தட்டுக்குத் தார் பூசி, வீட்டுக்குள் வெள்ளையும் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேலை முடிந்ததும் 'திருப்தி' என்று ஒரு கையெழுத்து வைத்தால் போதும். சீமெந்து பேர்மிற்றுக்கு எல்லோரும் அலைந்த காலத்தில் அது பெரிய தயவாகத்தான் தெரிந்தது. மற்ற இருவரும் மிஸியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"தார் எதுவரைக்கும் நிக்கும் ஐயா?" என்று மிஸி கேட்டார்.

"என்ன மிஸி கேக்கிறீங்க, இது கப்பலுக்குப் பூசுற தார்."

"அப்ப பூசுங்க. ஒரு மாரி போகட்டும். மறுகா கையெழுத்து வைக்கிறம்."

"கையெழுத்து இல்லாம ஆர் பூசுவாங்க?"

"காயம் ஆற முன்னம் ஆறிட்டுது எண்டு எழுதித் தாற வழக்கம் எங்கட வார்ட்டில இல்ல ஐயா."

பீப்பாய் வந்த வண்டிலிலேயே திரும்பியது. பிறக்கிராசியார் வழக்கைப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் மிஸியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை செங்கலடிப் பக்கம். வயற்காரக் குடும்பம், அதே சபை. நில அளவைக் கந்தோரில் வேலை. தகப்பன் இல்லை. தாய்தான் வயலையும் பார்த்து, பிள்ளையையும் படிப்பித்தவர். மகளுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதற்குமுன் இரண்டு இடம் பேசித் தவறியிருந்தது. மூன்றாவதும் தவறினால் ஊர் என்ன சொல்லும் என்பதை மிஸிக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் பகுதியில் மகளுக்குச் சீதனம் என்றால் முதலாவது வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கலியாணத்துக்கு முன்பே தாய் வீட்டை மகளின் பெயரில் எழுதிவிடுவாள். உறுதி முடிந்த பிறகே பந்தற்கால் நடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வரும் நேரத்தைவிட வீட்டைப் பார்க்க வரும் நேரம் நீளம். மிஸிக்கு இருந்தது அந்த மாடி வீடு ஒன்றுதான்.

மிஸி பிறக்கிராசியாரிடம் போனார். பத்திரிகைக்கு ஏதும் கிடைக்குமா என்று நானும் கூடப் போனேன்.

"உறுதியை மகளின்ட பேருக்கு மாத்த ஒண்ணா" என்றார் பிறக்கிராசியார். "கொந்தராத்துக்காரர் ஒப்பந்தம் செய்தது உங்களோட. வீட்டை மகளுக்கு எழுதினா, இவ இப்ப சொந்தக்காரியில்ல, மகளுக்கு நான் ஒண்டும் விக்கல்ல எண்டு சொல்லுவார். இது புதுச் சட்டம். கோடு எந்தப் பக்கம் சாயும் எண்டு எனக்கே தெரியாது."

"சாஞ்சா?"

"ஆறு பேரில ஒராள் குறையும்."

"எனக்கு மட்டும்தானே நட்டம் எண்டா நான் எழுதிருவன்" என்றார் மிஸி.

இந்தக் கதை கட்டடத்துக்குள் பரவ நேரம் எடுக்கவில்லை. எங்கள் ஐந்து வீட்டாரும் காக்காவின் வீட்டில் கூடினோம். எங்களால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று என்று தோன்றியது: மாப்பிள்ளை வீட்டார் வரும் முன் மிஸியின் முன்னறைக்கு வெள்ளை அடித்துக் கொடுப்பது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் கலியாணக் கடமை அது. கேட்டுச் செய்வதில்லை, தூரிகையும் வாளியுமாகப் போய் நின்றால் போதும். சுண்ணாம்பு நீற்றியாகிவிட்டது. காக்காவே வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். பழுதில் கை வைக்கக்கூடாது என்று பிறக்கிராசியார் சொன்னது எங்கள் ஒருவருக்கும் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. வழக்கு வேறு, கலியாணம் வேறு என்று நாங்கள் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்திருந்தோம்.

மிஸி வாசலில் நின்றார்.

"காக்கா, இந்தக் கோடெல்லாம் போயிருமே."

"போகத்தானே மிஸி கொண்டு வந்திரிக்கம்?"

"வழக்குக்குக் கோட்டால வாற ஆளுக்கு எதைக் காட்டுறது?"

காக்கா வாளியைப் படியில் வைத்துவிட்டார். "நம்மட புத்தியப் பாருங்க" என்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "சாட்சிக்கு நாமளே சுண்ணாம்பு அடிக்கப் போனம்." பிறகு மிஸியிடம் தணிந்த குரலில், "அப்ப அவங்க வந்து மேல பாத்தா என்ன சொல்லுவீங்க புள்ள?" என்று கேட்டார்.

"இரிக்கிறதைச் சொல்லுவன்."

அந்தச் சுண்ணாம்பை மதிலுக்கு அடித்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் மிஸி என்னையும் காக்காவையும் வரச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஆண் துணை வேண்டும் என்பதற்காகத்தான். மாப்பிள்ளையின் தாயும், தாய்மாமனான அம்மானும் வந்தார்கள். தாய் உயரமான மனுசி, வெயிலில் கறுத்த முகம், கையில் குடை. கோதுமை மா கிடைக்காத காலம். மிஸியின் மகள் அரிசிமாவில் பலகாரம் செய்து தட்டில் வைத்திருந்தாள். அம்மான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன புள்ள, கீறிக் கிடக்கு?"

"தண்ணி ஒழுகின அடையாளம் அக்கா. ஒவ்வொரு மழைக்கும் எதுவரைக்கும் வந்தது எண்டு கீறினது."

அம்மான் பலகாரத்தை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றார்.

"ஒழுகுதா?"

"ஒழுகுது. மூண்டு அறையும் ஒழுகுது. வாங்க, மத்தத்தையும் காட்டுறன்."

அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். எந்த இடத்தில் வாளி வைப்பது, எந்த இடத்தில் கட்டில் போட முடியாது என்றெல்லாம் சொன்னார். நோயாளியின் நிலைமையை அடுத்த நேரத் தாதிக்குச் சொல்லிக் கொடுப்பது போல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். திரும்பி வந்து இருந்தவுடன் அம்மான் கேட்டார்:

"சரி, திருத்தலாம். உறுதி எப்ப முடிப்பீங்க?"

"வழக்கு முடிஞ்ச பிறகு."

"கலியாணத்துக்கு முன்னம் முடியுமா வழக்கு?"

"முடியாது."

"அப்ப எழுத்தில்லாம எங்கட பொடியன் வந்து இரிக்கிறதா? ஒழுகிற வீட்டில, உறுதியும் இல்லாம?"

"ஓம். வீடு அவளுக்குத்தான். அதை இப்ப என்ட வாயால சொல்ல மட்டும்தான் ஏலும். எழுதினா கீழயும் மேலயும் இரிக்கிற அஞ்சு குடும்பத்தின்ட வழக்கும் விழுந்திரும்."

காக்கா இடையில் புகுந்தார். "ஐயா, மிஸிட வாய் எழுத்து மாதிரி. நாங்க பொறுப்பு."

"நீங்க எதுக்குப் பொறுப்பு? சாறனுக்கா?" என்றார் அம்மான்.

காக்கா சிரித்தார், வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் குடையை எடுத்துக்கொண்டு, "வாறம் புள்ள" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார். மிஸியின் மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. காக்கா என்னிடம் படியில் வைத்துச் சொன்னார்: "நம்மட தட்டுக்காக ஒரு பொம்புளப் புள்ளட வாழ்க்கையைப் போட்டு உடைக்கிறமா? வழக்கை விட்டுருவம்." நாங்கள் இருவரும் திரும்ப ஏறி மிஸியிடம் அதைச் சொன்னோம்.

"வழக்கை விட்டா வீடு என்ன செய்யும் காக்கா? அவளுக்கு நான் குடுக்கிறது இந்த வீடுதானே. விழப்போற தட்டுக்குக் கீழ அவளையும் புருசனையும் படுக்க வைச்சிட்டு நான் எங்க நித்திரை கொள்ளுறது?"

நாங்கள் திரும்பப் படியிறங்கினோம்.

செங்கலடியிலிருந்து வெகுநாள் ஒரு சொல்லும் வரவில்லை. மிஸி வேலைக்குப் போனார், வந்தார். மகள் பாடசாலைக்குப் போனாள், வந்தாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவது குறைந்ததைக் கீழே இருந்தே அறியக்கூடியதாக இருந்தது. அந்தக் கட்டடத்தின் தட்டுகள் எதையும் மறைக்காதவை.

பிறகு ஒரு மத்தியானம், செங்கலடிச் சந்தை முடிந்து வந்த பஸ்ஸில் மாப்பிள்ளையின் தாய் தனியே வந்தார். தோளில் ஒரு பை புது அரிசி. நான் முன்னால் நின்றிருந்தேன். "மிஸி நிக்கிறாவா?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நில்லாமல் ஏறினார். மேலே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இறங்கும்போது மிஸியும் கூட வந்தார். படியடியில் அந்தத் தாய் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"பந்தலை வளவிலயா போடுறது? உங்களுக்கு வளவே இல்லையே மச்சாள்."

சம்பந்திப் பெண்கள் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். முந்திய முறை அவர் 'புள்ள' என்றிருந்தார்.

வீட்டைச் சுற்றிக் காணி இல்லாததால் பந்தலைக் கட்டடத்தின் முன்னால், வாவிப் பக்கமாகப் போட்டோம். கலியாணம் மெதடிஸ்தக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை பெட்டியோடு மாடியேறினார். உறுதி எழுதப்படவில்லை. அடுத்த மாரியில் அவரும் வாளி வைத்தார். நில அளவைக் கந்தோர்க்காரர் ஆகையால், அவர் போட்ட கோடுகள் மாமியாருடையதைவிட நேராக இருந்தன என்று காக்கா சொல்லிச் சிரிப்பார்.

கோடு அனுப்பிய ஆள் ஓய்வுபெற்ற பொறியியலாளர். சப்பாத்தோடு ஏணியில் ஏறித் தட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தட்டின் சரிவு வெளியே போகாமல் நடுவுக்கு விழுவதைக் காட்டினார். மணலைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். முகத்துவாரப் பக்கம் அள்ளிய மணலை நல்ல தண்ணீரில் அலசாமல் போட்டிருக்கிறார்கள், உப்பு கம்பியைத் தின்கிறது என்றார். மிஸியின் முன்னறையில் கோடுகளுக்குக் கீழே நின்று நெடுநேரம் பார்த்தார். "யார் போட்டது?" என்று கேட்டார். மிஸி சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மீதியைப் பார்த்தார்.

ஆகவே பழுதைப் பற்றி எதிர்ப்பக்கத்தார் அதிகம் பேசவில்லை. அவர்களின் பலம் வேறிடத்தில் இருப்பதாக நம்பினார்கள். விளக்கத்தன்று, அதாவது விசாரணை நாளில், அவர்களுடைய வழக்கறிஞரான அப்புக்காத்து மிஸியைக் கூண்டில் வைத்துக் கேட்டதை நான் அன்றே எழுதி வைத்தேன். அவர் ஆங்கிலத்தில் கேட்க, கோட்டு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லுவார்.

"உங்கள் மகள் எங்கே குடியிருக்கிறார்?"

"அந்த வீட்டில."

"கணவரோடு?"

"ஓம்."

"அது அவருக்குக் கொடுத்த சீதன வீடு?"

"குடுக்கிறதெண்டு சொன்ன வீடு."

அப்புக்காத்து நீதிபதியின் பக்கம் திரும்பினார். மட்டக்களப்பில் மகளும் மருமகனும் குடியிருக்கும் வீடு தாயுடையதாக இருக்க முடியாது; அது இந்த ஊர் வழக்கம் அறிந்த எவருக்கும் தெரிந்தது; ஆகவே இந்தப் பெண் சொந்தக்காரர் அல்ல; ஆகவே ஆறு பேரின் வழக்கு ஐந்து பேரின் வழக்கு; ஆகவே நிற்காது. கொந்தராத்துக்காரர் பின்னால் இருந்து தலையாட்டினார். அவரும் எங்கள் ஊரார்தான். பந்தல் போட்டதைக் கண்டார். மாப்பிள்ளை பெட்டியோடு ஏறியதைக் கேள்விப்பட்டார். உறுதி முடியாமல் அது நடக்கும் என்று அவர் மனதில் தோன்றவே இல்லை. உறுதிகள் பதியும் காணிக் கந்தோரில் தேடிப் பார்க்கவும் இல்லை. வேறு ஊரில் பிறந்தவராக இருந்தால் தேடியிருப்பார்.

"உறுதி எங்கே?" என்று நீதிபதி கேட்டார்.

அப்புக்காத்து தன் ஆளைப் பார்த்தார். ஆள் கூரையைப் பார்த்தார். கோட்டின் கூரை ஓட்டுக் கூரை. நல்ல நிலையில் இருந்தது.

எங்கள் பிறக்கிராசியார் மாப்பிள்ளையின் தாயைச் சாட்சிக்கு அழைத்தார். அவர் குடையைக் கூண்டின் ஓரத்தில் சாத்தி வைத்து, வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். உறுதி எதுவும் முடியவில்லை, எழுதாமலேதான் கலியாணம் என்றார். அப்புக்காத்து எழும்பினார்.

"உங்கள் குடும்பத்தில் இதற்குமுன் எவராவது உறுதி இல்லாமல் பெண் எடுத்திருக்கிறார்களா?"

"இல்ல."

"உங்கள் ஊரில்?"

"நான் கேள்விப்படல்ல."

"அப்படியானால் உங்களை மட்டும் நம்பச் சொல்கிறீர்களா? வயல், மாடு, எல்லாம் கணக்காகப் பார்க்கும் நீங்கள், ஒழுகும் வீட்டை, ஒரு எழுத்தும் இல்லாமல் ஏற்றுக்கொண்டீர்களா?"

"கேளுங்க மனே" என்றார் அந்தத் தாய். கோட்டில் அப்புக்காத்தை மகன் முறையில் 'மனே' என்று எவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "என்ட மகனுக்கு எத்தனையோ இடம் வீடு பாத்திரிக்கன். எல்லா வீட்டிலயும் பலகாரத்தைக் காட்டுவாங்க, பழுதைக் காட்டமாட்டாங்க. இவ ஒராள்தான் அறை அறையாக் கூட்டிக்கொண்டுபோய் பழுதைக் காட்டினவ. எனக்குப் பழுதைக் காட்டின பொம்புள, வீட்டைத் தாறன் எண்டு பொய் சொல்லுவாவா? உங்கட ஆள் உறுதி எழுதித்தான் வித்தவர். அந்த எழுத்து ஒழுகுதே."

மொழிபெயர்ப்பாளர் தொடங்கினார். பலகாரத்துக்கு ஆங்கிலம் தேடி நின்றார். நீதிபதியும் தமிழர்தான். "தேவையில்லை, விளங்கியது" என்றார். பின்வாங்கிலிருந்து காக்காவின் சிரிப்பு மட்டும் கேட்டது. கோட்டுச் சேவகர் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. கொந்தராத்துக்காரர் இணங்கி வந்தார். பழைய தட்டை முழுதாக உடைத்து, ஆற்று மணலில், பொறியியலாளர் கண்முன்னே புதுத் தட்டுப் போடுவது. ஒரு மாரி முழுதும் போய்ப் பார்த்த பிறகே வழக்கை முடிப்பது. அந்த ஒரு மாரி என்ற வரியை மிஸி கேட்டு வாங்கினார். தட்டு உடைத்த நாட்களில் மேல்வீட்டுக்காரர் எல்லோரும் கீழ்வீடுகளுக்கு வந்து இருந்தார்கள். என் வீட்டில் ஒரு அறை அவர்களுக்குப் போனது. மிஸியின் மகளும் மருமகனும் காக்காவின் வீட்டில் இருந்தார்கள். காக்காவின் மனைவி அந்தப் பெண்ணை அடுப்படிக்கு விடவே இல்லை.

மாரி வந்தது. அந்த வருடம் அடித்துத்தான் பெய்தது. புதுத் தட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வழக்கை முடித்த கையோடு மிஸி சீதன உறுதி எழுதப் பிறக்கிராசியாரிடம் போனார். மகள், மருமகன், அவருடைய தாய், சாட்சிக் கையெழுத்துக்கு நானும் காக்காவும். பிறக்கிராசியார் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். வீடு முழுவதும், பொதுப் படியிலும் தட்டிலும் உள்ள பங்கும், மகளுக்கு.

"ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில எனக்கு ஒரு அறை கேட்டிரிக்கன்" என்றார் மிஸி. வீட்டை மகளுக்குக் கொடுத்த தாய் அதைவிட்டு விலகுவாள்; வளவுக்குள் ஒரு சிறு வீடு போட்டு அங்கே இருப்பாள். மாடி வீட்டில் வளவு இல்லை. அதை அவர் எப்போதோ யோசித்து, எவருக்கும் சொல்லாமல் ஒழுங்கு செய்திருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் பேனையைப் பிடித்த பிறக்கிராசியாரின் கைக்கு நேரே தன் கையை நீட்டினார்.

"பொறுங்க ஐயா. இவக்குச் சீவிய உருத்து எண்டு ஒண்டு எழுதலாந்தானே? சாகுமட்டும் இவவும் அந்த வீட்டில இரிக்க?"

"எழுதலாம். ஆனா அது உங்கட மகனுக்கு வாற வீட்டில ஒரு பாரம்."

"என்னத்துக்கு மச்சாள் அதெல்லாம்?" என்றார் மிஸி.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது, சும்மா இரிங்க." பிறகு பிறக்கிராசியாரைப் பார்த்து, "எழுதுங்க. வாயால சொன்னா இவ கேக்கமாட்டா" என்றார்.

மிஸி மகளைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறக்கிராசியார் ஒருமுறை தும்மிவிட்டு, எழுதியிருந்த தாளை ஓரமாக வைத்து, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.